மூன்று மாறி கணக்கில் 0 = 0 வந்தால் எங்கே தப்பு?

மதுரைக்காரி:
பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோடு இயற்கணிதம் போட்டுக்கொண்டிருக்கிறேன், நேற்று இரவு ஒரே கணக்கில் நின்றுவிட்டோம். செல்போனில் தமிழில் தட்டுவதால் மாறிகளை க, ச, ப என்றே எழுதுகிறேன்.

க + ச + ப = 6
2க − ச + ப = 3
4க + ச + 3ப = 15

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் க − 2ச = −3. முதலாவதை 3ஆல் பெருக்கி அதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் −க + 2ச = 3. இரண்டையும் கூட்டினால் 0 = 0. மூன்று தடவை போட்டோம், அதேதான். ஆனால் அவள் 1, 2, 3 என்று ஊகித்துப் போட்டாள், மூன்றும் பொருந்துகிறது. தோழி 3, 3, 0 என்கிறாள், அதுவும் பொருந்துகிறது! எங்கே தப்பு?

கணக்கு வாத்தியார்:
தப்பே இல்லை அம்மா. முதலாவதை இரண்டால் பெருக்கி இரண்டாவதோடு கூட்டிப் பாருங்கள், மூன்றாவது அப்படியே வந்து நிற்கும். அதாவது மூன்றாவது சமன்பாடு புதிதாக எதையும் சொல்லவில்லை, கையில் இருப்பது உண்மையில் இரண்டு சமன்பாடுதான், மாறிகளோ மூன்று. அதனால் எண்ணற்ற தீர்வுகள். க-வுக்கு எந்த எண்ணையும் வையுங்கள், ச = (க + 3)/2, ப = (9 − 3க)/2. மகள் சொன்னதும் தோழி சொன்னதும் இதற்குள் அடங்கும். வலப்பக்கம் 15க்குப் பதில் 16 இருந்திருந்தால் கடைசியில் 0 = −1 வந்திருக்கும், அப்போது தீர்வே இல்லை. 0 = 0 வேறு, 0 = −1 வேறு, இந்த இடத்தில்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

தறிக்காரன்:
படமாகச் சொன்னால் மகளுக்குப் பிடிபடும். ஒவ்வொரு சமன்பாடும் ஒரு தளம். உங்கள் கணக்கில் மூன்று தளங்களும் ஒரே கோட்டில் சந்திக்கின்றன, திறந்து வைத்த புத்தகத்தின் தாள்கள் முதுகில் சேருகிற மாதிரி. 16 போட்டால் இரண்டிரண்டாகச் சந்திக்கும், மூன்றும் சேர்ந்து எங்கேயும் சந்திக்காது, முக்கோணக் கூடாரத்தின் இரு சரிவும் தரையும் போல.

இன்னொன்று, நீங்கள் இரண்டு முறையும் ப-வையே நீக்கியது ரொம்பச் சரி. ஒரு முறை ப, அடுத்த முறை ச என்று நீக்கினால் மறுபடியும் மூன்று மாறிகளோடுதான் நிற்போம்.

கணக்கு வாத்தியார்:
பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். பழைய சீனக் கணித நூலான 'ஒன்பது அதிகாரங்கள்', அதன் எட்டாம் அதிகாரத்தின் முதல் கணக்கு. அந்த நூலுக்கு லியூ ஹுய் உரை எழுதியதே 263இல். கெழுக்களை, அதாவது மாறிகளுக்கு முன்னால் நிற்கும் எண்களை, குச்சிகளாகப் பலகையில் அடுக்கி, நாம் இன்று ஜெர்மன் கணித மேதை காஸ் பெயரில் சொல்கிற நீக்கலை அப்போதே செய்திருக்கிறார்கள், காஸ் பிறந்தது 1777இல்! முதல் தரக் கதிர்க்கட்டு 3, இரண்டாம் தரம் 2, மூன்றாம் தரம் 1 சேர்ந்தால் தானியம் 39 அளவு. அதே வரிசையில் 2, 3, 1 கட்டுக்கு 34. 1, 2, 3 கட்டுக்கு 26. ஒரு கட்டுக்கு எவ்வளவு?

மதுரைக்காரி:
இப்போதுதான் போட்டு முடித்தாள். முதல் தரம் 9¼, இரண்டாம் தரம் 4¼, மூன்றாம் தரம் 2¾. பின்னம் வந்ததும் தப்பு என்று அழிக்கப் போனாள், முதலில் மூன்றிலும் போட்டுப் பார் என்றேன், மூன்றும் பொருந்தின. ரொம்ப நன்றி சார், கூடாரத்தை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாள்.