விட்சர் 3 நண்பகல் பேயைக் கெடுத்ததா, காப்பாற்றியதா?

ஏரோட்டி:
விட்சர் 3 கணினி ஆட்டத்தில் முதல் பகுதியான ஒயிட் ஆர்ச்சர்டிலேயே ஒரு பேய் வேட்டை வரும், நினைவிருக்கிறதா? ஓடோலன் என்ற குடியானவரின் மகள் நோயில் கிடக்கிறாள். நல்ல தண்ணீர் வேண்டும். ஆனால் பாழடைந்த ஊரில் இருக்கும் கிணற்றை ஒரு பேய் அண்டவிடுவதில்லை. பேய்களை வேட்டையாடும் விட்சரான நாயகன் கெரால்ட் போய்ப் பார்த்தால் கிணற்றில் ஒரு பெண்ணின் சடலம், தண்ணீருக்குள் அவளுடைய கைவளை. இரண்டையும் சேர்த்து எரித்ததும், கந்தலாய்ப் போன உடையோடு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நூன்ரெய்த், அதாவது நண்பகல் பேய், வந்து நிற்பாள். யெர்டன் என்ற மந்திர வட்டம் போடு, வெள்ளி வாளை வீசு, முடிந்தது.

எனக்கு இது ஆறவே இல்லை. போலந்தில் பொவுட்னிட்சா, ரஷ்யாவில் பொலுட்னிட்சா என்று சொல்லப்படும் அந்தப் பேய் எந்தச் செத்த பெண்ணின் ஆவியும் கிடையாது. அறுவடைக் காலத்தில் உச்சி வெயில் ஏறிய பிறகும் வயலில் குனிந்து நிற்பவனைத் தேடி வருவாள். வெள்ளை உடை, நல்ல உயரம். கழுத்தைத் திருகுவாள், இல்லையென்றால் புத்தி பேதலிக்க வைப்பாள். ஏன் வந்தாள், யார் பெற்ற பெண் என்று யாரும் கேட்டதில்லை. அந்த நேரத்துக்கு அவள் உண்டு, அவ்வளவுதான். ஆட்டத்தைச் செய்த போலந்து நிறுவனம் சிடி புராஜெக்ட் ரெட் அவளுக்கு ஒரு கண்ணீர்க் கதையை ஒட்டிச் சாதாரண ஆவியாக்கிவிட்டது.

யெர்டன்:
ஒட்டியது அவர்கள் என்றால், பசை போலந்திலேயே இருந்தது நண்பரே. 2007-ல் வந்த முதல் விட்சரின் நான்காம் அத்தியாயத்தை ஆடியிருக்கிறீர்களா? அலினா, செலினா என்று இரண்டு சகோதரிகள். கல்யாணம் நிச்சயமான அலினாவைப் பொறாமையில் செலினா கொல்கிறாள். அலினா நண்பகல் பேயாகிறாள், செலினா இரவுப் பேயாகிறாள். இது யூலியுஷ் ஸ்வோவாட்ஸ்கியின் ‘பல்லாடினா’ நாடகத்துக்கு நேராகப் போடும் கும்பிடு. 1839-ல் வெளியான நாடகம். அதில் யார் அதிகம் ராஸ்ப்பெர்ரி பறிக்கிறாளோ அவளுக்கே மாப்பிள்ளை என்று போட்டி. தோற்கப் போகும் பல்லாடினா, தன் சகோதரி அலினாவைக் காட்டிலேயே கத்தியால் குத்திவிடுவாள். பள்ளியில் இதைப் படித்து வளர்ந்தவர்கள் ஆட்டம் செய்யும்போது நண்பகல் பேய்க்கும் மணப்பெண்ணுக்கும் முடிச்சுப் போட்டதில் என்ன ஆச்சரியம்? ஸ்லாவிய நம்பிக்கையில் கல்யாணம் ஆகாமல் அகால மரணம் அடைந்த பெண்கள் ருசல்கா என்ற நீர்ப்பேய் ஆவதும் உண்டு. இரண்டு மரபைக் கலந்திருக்கிறார்கள். கலக்காத நாட்டுப்புறக் கதை எங்கே இருக்கிறது?

பழுப்புத்தாள்:
யெர்டன் பக்கம் ஒரு ஓட்டு. ‘அசல்’ பேய் எது என்று ஏரோட்டி முதலில் முடிவு செய்யட்டும். செக் நாட்டில் கரெல் யரோமிர் எர்பென் 1853-ல் வெளியிட்ட ‘கித்திட்சே’ தொகுப்பில் இவளைப் பற்றி ஒரு கதைப்பாட்டு இருக்கிறது. வயலும் இல்லை, அரிவாளும் இல்லை. அடுப்பில் மதியச் சாப்பாடு. பிள்ளை வீறிட்டு அழுகிறது. பொம்மைச் சேவலைக் கொடுத்தும் அடங்கவில்லை. பொறுமை இழந்த தாய், “நண்பகல் கிழவி, வந்து இவனைத் தூக்கிப் போ” என்று சபிக்கிறாள். கதவு திறக்கிறது. குட்டையாக, பழுப்பாக, கோல் ஊன்றிய ஒரு கிழவி உள்ளே வந்து பிள்ளையைக் கேட்கிறாள். பன்னிரண்டு மணி அடித்து அப்பா வீட்டுக்கு வந்தால், தாய் மயங்கிக் கிடக்கிறாள். பிள்ளை அவள் மார்போடு இறுகி மூச்சு நின்று கிடக்கிறது. அந்தோனின் ட்வோர்ஷாக் 1896-ல் இதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசையாக்கினார். உயரமான வெள்ளுடைப் பெண் எங்கே, இந்தக் கூன் கிழவி எங்கே? எர்பெனைக் கெடுத்தவர் என்று யாரும் திட்டவில்லையே.

(நான்காம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியுஸ் எழுதிய நண்பகல் பேய் இன்னும் வேடிக்கை. அது கழுத்தையெல்லாம் திருகாது. துறவியைச் சோம்பலில் ஆழ்த்தும். பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றவைக்கும். என் அலுவலகத்தில் தினமும் மூன்று மணிக்கு வருகிறது. சரி, அது வேறு கதை.)

ஏரோட்டி:
எர்பென் உருவத்தை மாற்றினார், கடிகாரத்தை மாற்றவில்லை. பாட்டு முழுக்கப் பன்னிரண்டை நோக்கியே போகிறது. அதனால்தான் அது இன்னும் அவள் கதை. அவளுக்குப் பிளாஷ்பேக்கும் கொடுக்கவில்லை.

அதைவிட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கிழக்கு ஜெர்மனியில் லுசாட்டியா பகுதியில் சோர்பியர்கள் என்ற ஸ்லாவிய மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் நண்பகல் பெண் கையில் அரிவாளோடு வருவாள். வந்ததும் வெட்டமாட்டாள், கேள்வி கேட்பாள். ஆளிச்செடியை விதைப்பதிலிருந்து துணியாவது வரை என்னென்ன வேலை என்று பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை விடாமல் சொல்ல வேண்டும். நிறுத்தினால் தலை போய்விடும். மணி ஒன்று ஆனதும் அவள் சக்தி முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான். இதைவிட நல்ல பாஸ் சண்டையை எந்த டிசைனர் யோசிக்க முடியும்? இலவசமாகக் கிடந்தது. அதை விட்டுவிட்டு உருண்டு, உருண்டு, வெட்டு.

தறிக்காரர்:
ஆட்டம் எதுவும் ஆடத் தெரியாது. ஆனால் ஆளி என்றதும் கை சும்மா இருக்கவில்லை. சொல்லிப் பார்க்கிறேன்.

வசந்தத்தில் விதைக்க வேண்டும், நெருக்கமாக. நெருக்கம் குறைந்தால் செடி கிளை விடும், நார் குட்டையாகும். களை பறிக்கும்போது இளஞ்செடி மிதிபடும், அதனால் வெறுங்காலோடு இறங்குவார்கள். நூறு நாள் போல ஆனதும் அடித்தண்டு மஞ்சள் தட்டும். அறுக்கக் கூடாது, வேரோடு பிடுங்க வேண்டும், அப்போதுதான் நார் முழு நீளம் கிடைக்கும். கட்டுக் கட்டிக் காயவைத்து, சீப்புப் பலகையில் இழுத்து விதையை உதிர்க்க வேண்டும். பிறகு புல்வெளியில் பனியில் பரப்பியோ குட்டையில் அமுக்கியோ ஊறப்போட வேண்டும். இங்கேதான் எல்லாம் இருக்கிறது. ஒரு நாள் குறைந்தால் நார் பிரியாது, கூடினால் நாரே அழுகிவிடும். மறுபடி காயவைத்து, மரக்கட்டையில் தண்டை நொறுக்கி, சக்கையைத் தட்டி நீக்கி, இரும்பு முள் பலகையில் சீவி, நூற்று, நெய்து, வெயிலில் விரித்து வெளுக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்று நிமிடமா? என் தலை போயிருக்கும்.

சீட்டுக்கட்டு:
போகாது, இதே வேகத்தில் ஊறப்போடுவதை மட்டும் இருபது நிமிடம் சொல்வீர்கள் போலிருக்கிறது 😄

ஏரோட்டி கேட்கிற மாதிரி ஆட்டம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. ரஷ்யாவின் பெர்ம் நகரத்து மோர்தெஷ்கா என்ற சிறு நிறுவனம் 2021-ல் ‘பிளாக் புக்’ வெளியிட்டது. 1879-ல் செர்டின் வட்டாரத்தில் நடக்கும் கதை. நாயகி வாசிலிசாவுக்கு வாள் கிடையாது, மந்திரச் சொற்கள்தான். அவையே சீட்டுகள், ஒன்றோடு ஒன்று கோத்து வீச வேண்டும். வழியில் நாட்டுப்புற நம்பிக்கை பற்றிக் கேள்வியும் வரும். ஆட்டத்திலேயே இருக்கும் கலைக்களஞ்சியத்தைப் படித்திருந்தால் பிழைப்போம். ஏவல் பேய்களுக்கு வேலை கொடுக்காமல் வைத்திருந்தால் அவை நம்மையே படுத்தும். சும்மா இருக்கும் பேய்க்கு மணலில் கயிறு திரிக்கச் சொல்லி மந்திரவாதி தப்பிப்பதாக அந்தப் பக்கத்தில் கதைகள் உண்டு, அதிலிருந்து வந்ததுதான். நம்பிக்கையை ஆட்டத்தின் விதியாகவே மாற்றுவது என்றால் இதுதான். விட்சரில் அது தகவல் பக்கத்தோடு நின்றுவிடுகிறது.

யெர்டன்:
நிற்கவில்லை. என் பெயரே அந்த வட்டம் என்பதால் கொஞ்சம் சொல்ல உரிமை உண்டு. நூன்ரெய்த் சண்டையை மெதுவாகப் பாருங்கள். வட்டத்துக்கு வெளியே அவள் பாதி காற்று, வாளுக்குச் சிக்குவதே கஷ்டம். வட்டத்துக்குள் வந்தால்தான் உடம்பு இறுகும். கொஞ்சம் அடி வாங்கியதும் மூன்று பிரதிகளாகப் பிரிந்து நம்மைச் சூழ்ந்து உயிரை உறிஞ்சுவாள். வெயிலில் நின்று கண் கூசி, தூரத்தில் இருப்பது ஒன்றா மூன்றா என்று தெரியாமல் தள்ளாடுகிற ஆளுக்கு நேர்வது வேறென்ன? அவளுக்கு எதிரான குண்டின் பெயர் மூன் டஸ்ட். சூரியனுக்கு நிலா. வசனத்தில் சொல்லாததைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

பழுப்புத்தாள்:
வெயில் என்றதும் இன்னொன்று. இந்தப் பேய் இருந்ததால்தான் கூலிக்காரனுக்கு மதியம் ஓய்வு கிடைத்தது என்று நினைக்கிறேன். பண்ணையாரிடம் பயமில்லாமல் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே.

களத்துமேடு:
அப்படியென்றால் அவள் பண்ணையார் கழுத்தையல்லவா திருக வேண்டும்? ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1861-ல். அதற்கு முன் உச்சி வெயிலில் வயலில் நின்றவனில் எத்தனை பேர் ஆசைப்பட்டு நின்றிருப்பான்? நிழலில் உட்கார்ந்து ஏவியவனை விட்டுவிட்டு, ஏவப்பட்டவனைக் கொல்லும் பேய். அழகாக்கிப் பேசாதீர்கள். விட்சர் அவளைக் கொலையுண்டவளாக மாற்றியதில் எனக்கு வருத்தமே இல்லை. குற்றம் யார் மேல் என்றாவது கேட்டார்கள்.

ஏரோட்டி:
களத்துமேடு சொன்னது உறைக்கிறது. ஆனால் அதற்கும் பதில் முன்கதை இல்லை. கொலைகாரன் யாரென்று தெரிந்ததும் பயம் தீர்ந்துவிடுகிறது. வளையை எரித்தால் பேய் போய்விடும் என்றால், நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு யார் வருவார்கள்?

யெர்டன்:
விட்சர் என்றால் துப்புத் துலக்குவதுதான் தொழில். காரணம் இல்லாத பேயிடம் கெரால்டுக்கு என்ன வேலை? விட்சர் 3-க்கு நாமே புதுக் கதை செய்ய உதவும் ரெட்கிட் கருவி 2024-ல் இலவசமாகவே வந்துவிட்டது. உங்கள் குவெஸ்ட்டை நீங்களே செய்யுங்கள், ஆடிப் பார்க்கிறேன்.

ஏரோட்டி:
செய்தால் இப்படித்தான் இருக்கும்: கெரால்ட் வயலுக்குப் போய், கங்காணியின் சட்டையைப் பிடித்து, எல்லோரையும் ஒரு மணி வரை வீட்டுக்கு அனுப்பச் சொல்வான். பேய் வராது. ஒப்பந்தக் கூலியும் வராது, அதுதான் பிரச்சினை.