சிந்துவெளி எழுத்து: அறிஞர்கள் யாரும் பதில் எழுதுவதில்லை. பழுது கேள்வியிலா, என்னிடமா?

முத்திரைப்பித்தன் எழுதியது:

வணக்கம். நான் ஆய்வாளன் அல்லன். வேலை போக மிஞ்சும் நேரத்தில் சிந்துவெளி முத்திரைகளைப் படித்து வருகிறேன். அடிக்கடி வரும் குறிகளுக்குத் தமிழ் ஒலிகளைப் பொருத்திப் பார்த்ததில், ஏராளமான முத்திரைகள் பொருளோடு வாசிக்க வருகின்றன. இந்த வாசிப்புகளை இணைத்து, "சிந்துவெளி எழுத்து பழந்தமிழ்தானா?" என்று கேட்டு அறிஞர்கள் பலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுத்தாவது ஒரு வரி எழுதியிருக்கலாம். அதுவும் இல்லை.

வெளியாள் என்பதால் ஒதுக்குகிறார்களா? கேள்வியிலேயே கோளாறா? சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபோது, இனியாவது இத்துறையில் இருப்பவர்கள் காது கொடுப்பார்கள் என்று நம்பினேன். ராமானுஜனின் கடிதங்களையும் முதலில் யாரும் மதிக்கவில்லை என்று படித்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓலைநறுக்கு எழுதியது:

வெளியாள் என்பது காரணமே இல்லை ஐயா. பண்டைய கிரேக்கத்தின் மைசீனியக் களிமண் பலகைகளில் இருந்த லீனியர் பி எழுத்தை 1952இல் படித்த மைக்கேல் வென்ட்ரிஸ் கட்டடக் கலைஞர். சிந்துவெளிக் குறிகளைத் தொகுத்த நம் ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். இருவரையும் துறை ஏற்றுக்கொண்டது.

ராமானுஜன் பெயரை எல்லோரும் எடுக்கிறார்கள். ஆனால் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி ஏன் பதில் எழுதினார் என்று யாரும் கேட்பதில்லை. 1913 ஜனவரியில் போன அந்தக் கடிதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்கள் இருந்தன. ஹார்டியும் அவருடைய சக கணித அறிஞர் லிட்டில்வுட்டும் அவற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சில ஏற்கெனவே தெரிந்தவை. சிலவற்றைச் சிரமப்பட்டு ஹார்டியால் நிறுவ முடிந்தது. சில அவர் அதுவரை கண்டிராதவை. கடிதம் எழுதியவர் யாரென்று தெரியாமலேயே, எழுதியது சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க அதில் இடம் இருந்தது. உங்கள் மின்னஞ்சலில் அப்படி ஒன்று இருந்ததா? கோபித்துக்கொள்ளாதீர்கள், பதிலின் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.

மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. வட்டத்தை அதே பரப்புள்ள சதுரமாக்குதல், கோணத்தை மூன்றாகப் பிரித்தல், கனசதுரத்தை இரட்டித்தல், ஓயாமல் ஓடும் இயந்திரம் ஆகியவை பற்றி வரும் தீர்வுகளை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775இல் முடிவெடுத்தது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வட்டத்தைச் சதுரமாக்க முடியாது என்பதைக் கணித அறிஞர் லிண்டெமன் நிறுவியதோ 1882இல்தான். விடை இல்லை என்று தெரிவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள்! அகந்தை என்று தோன்றும். வந்து குவிந்த ஒவ்வொரு தீர்விலும் பிழை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது என்பதே உண்மை. சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டதாக இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டோர் அறிவித்திருக்கிறார்கள். உங்கள் மின்னஞ்சல் எந்த வரிசையில் போய் நின்றது என்று புரிகிறதா?

பானையோடு எழுதியது:

மேலே சொன்னவர் கொஞ்சம் காரமாகச் சொல்லிவிட்டார். நான் சான்றின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சிந்துவெளிப் பொறிப்புகளில் சராசரியாக ஐந்து குறிகள்தாம் இருக்கின்றன. ஒரே பக்கத்தில் அமைந்தவற்றில் மிக நீளமானதே 17 குறிகள். மகாதேவன் கணக்கில் தனித்தனிக் குறிகள் 417. ஒரே செய்தியை இரு மொழிகளில் சொல்லும் கல் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. இவ்வளவு குட்டையான வரிகளுக்கு நாமே ஒலி கொடுக்கத் தொடங்கினால் எந்த மொழியும் வாசிக்க வரும். ஹீராஸ் பாதிரியார் திராவிடமாக வாசித்தார், எஸ். ஆர். ராவ் சமஸ்கிருதத்துக்கு நெருக்கமான மொழியாக வாசித்தார். இருவரும் கற்றறிந்தவர்கள். இது எழுத்தே இல்லை, வெறும் அடையாளக் குறிகள் என்று 2004இல் மூவர் கட்டுரை எழுதியதும் இந்தக் குட்டைத்தனத்தைக் காட்டித்தான். அதனால் உங்கள் வாசிப்பு பொருள் தருகிறது என்பது மட்டும் யாரையும் அசைக்காது.

எது அசைக்கும்? வென்ட்ரிஸ் தம் ஒலிகளை அறிவித்த பிறகு, கிரேக்கத்தின் பைலோஸில் தோண்டியெடுத்த ஒரு பலகையை அகழ்வாய்வாளர் பிளேகன் கையில் எடுத்தார். வென்ட்ரிஸ் அதுவரை பார்த்திராத பலகை. அதில் முக்காலிக் கொப்பரையின் படம் இருந்தது. பக்கத்திலிருந்த குறிகளை வென்ட்ரிஸின் ஒலிகளால் வாசித்தால் 'திரிபொதே' என்று வந்தது, அதாவது முக்காலிகள். நான்கு கைப்பிடி வரைந்த பாத்திரத்தின் அருகே நான்கைக் குறிக்கும் சொல், மூன்று வரைந்ததன் அருகே மூன்றைக் குறிக்கும் சொல், கைப்பிடியே இல்லாததன் அருகே 'இல்லாத' என்ற பொருளில் 'அனோவே'. இதற்குப் பிறகு எதிர்ப்பவர்களுக்குப் பேச அதிகம் மிஞ்சவில்லை.

வென்ட்ரிஸுக்கு முன்பே லீனியர் பி ஆய்வுக்கு அடித்தளம் போட்டவர் ஆலிஸ் கோபர் என்ற அமெரிக்க அறிஞர். "இது என்ன மொழி?" என்ற கேள்வியை அவர் தொடவே மறுத்தார். அவர் கேட்டது, சொற்களின் ஈறு மாறுகிறதா என்பதை மட்டும்தான். ஒலி எதுவும் தெரியாமலே அதற்கு விடை கண்டார். 1950இல் இறந்துபோனதால் முடிவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வென்ட்ரிஸ் 1952 வரையிலும் அது பழைய இத்தாலியின் எட்ருஸ்கன் மொழியோடு உறவுடையது என்றே நம்பிக்கொண்டிருந்தார். கடைசியில் வந்ததோ கிரேக்கம். மொழி எதுவென்று முன்கூட்டியே முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய இடறல் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

குகைப்பள்ளி எழுதியது:

இரண்டு பதில்களும் கேட்டவர் தலையிலேயே பாரத்தை ஏற்றுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. பதில் தர வேண்டிய இடமும் பழுதாகும்.

மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில் உள்ள பழைய பிராமி எழுத்துகள் 1882இல் கண்ணில் பட்டன. எழுத்து தெரிந்ததுதான், ஆனாலும் பல பத்தாண்டுகள் சரியாக வாசிக்க முடியவில்லை. பிராமி என்றால் பிராகிருதம் என்று எல்லோரும் எண்ணியதுதான் சிக்கல். ழ, ள, ற, ன போன்ற ஒலிகளுக்குத் தனிக் குறிகள் இருப்பதைக் கண்டு, இது தமிழ் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் சொன்னது 1924இல். அப்போதும் முழுதும் தெளியவில்லை. பழைய வரிகளில் அகரத்துக்கும் ஆகாரக் குறியே போடும் வழக்கம் இருந்ததால் 'மகன்' என்பது 'மாகான' என்று நிற்கும். அதைப் பிராகிருதம் தெரிந்தவர் எப்படி எடுத்துக்கொள்வார்? மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதை மகாதேவன் காட்டியது 1965இல். கல்லில் விடை அப்படியே இருந்தது. அதைக் கேட்கும் காதுதான் தவறான மொழிக்குத் தீட்டப்பட்டிருந்தது.

இன்னொன்று, ஆதிச்சநல்லூர். 2004, 2005இல் அகழ்ந்த பொருள்களின் காலம் என்ன என்ற கேள்வி மிக எளிமையானது, சோதிக்கக் கூடியது, ஓலைநறுக்கு கேட்கும் எல்லாத் தகுதியும் உடையது. இருந்தும் மாதிரிகள் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் போன பிறகுதான் அவை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, கி.மு. 905, கி.மு. 696 என்ற முடிவுகள் 2019இல் வெளிவந்தன. எனவே நல்ல கேள்வி கேட்டால் பதில் தானாக வரும் என்று யாரும் சொல்லாதீர்கள். சில நேரம் கதவைத் தட்டினால் போதாது, வழக்குப் போட வேண்டியிருக்கிறது.

ஓலைநறுக்கு எழுதியது:

ஆதிச்சநல்லூர் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஆனால் அங்கே யாரிடம் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று வழக்குத் தொடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. "பழந்தமிழ்தானா?" என்பதற்கு எந்த நீதிமன்றம் ஆணையிட முடியும்? பரிசும் அப்படித்தான், பணம் வைத்தால் ஆள் சேரும், இருமொழிக் கல் முளைக்காது.

முத்திரைப்பித்தன், ஒரு வழி சொல்கிறேன். 1977இல் தொல்லியல் துறை வெளியிட்ட மகாதேவனின் தொகுப்பைக் கையில் எடுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் சிந்துவெளிக்கென்றே ஒரு மையம் இருக்கிறது, உதவுவார்கள். பொறிப்புகளில் பாதியை மூடி வையுங்கள். மீதிப் பாதியை வைத்து ஒலிகளை முடிவு செய்து, தேதியிட்டு எழுதிப் பூட்டுங்கள். பிறகு மூடியதைத் திறந்து, ஓர் ஒலியைக்கூட மாற்றாமல் வாசியுங்கள். எத்தனை தேறின, எத்தனை தேறவில்லை என்று இரண்டையும் எழுதி அனுப்பினால், படிப்பவருக்குச் சோதிக்க ஏதாவது கிடைக்கும்.

முத்திரைப்பித்தன் எழுதியது:

நன்றி. பாதியை மூடி வைக்கும் யோசனையைச் செய்து பார்க்கிறேன். தொடங்குமுன் ஒரு சிறிய கேள்வி. மிக அதிகமாக வரும், சாடி போன்ற வடிவமுள்ள சாடிக் குறி பெரும்பாலும் வரியின் முடிவில் நிற்கிறது என்கிறார்கள். என் வாசிப்பில் அதுதான் ஈறு. வரி வலமிருந்து இடமாக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால்தானே அது முடிவாகும்? ஓடும் திசையை எப்படி உறுதி செய்தார்கள்?

பானையோடு எழுதியது:

இதற்கு உடனே பதில் சொல்லலாம். முத்திரையைக் களிமண்ணில் அழுத்தினால் கிடைக்கும் பதிவில் பாருங்கள்: வலப்பக்கம் குறிகள் தாராளமாக இருக்கும், இடது ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கியடித்து நிற்கும். தொடங்கும்போது யாரும் நெருக்கி எழுத மாட்டார்கள். ராஜஸ்தானின் காளிபங்கனில் கிடைத்த ஒரு பானை ஓட்டில், ஒரு குறியின் கீறல் பக்கத்துக் குறியின் கீறலை வெட்டிக்கொண்டு போகிறது. எது முதலில் கீறப்பட்டது, எது பிறகு என்று அதில் கண்ணாலேயே காணலாம். தொல்லியலாளர் பி. பி. லால் 1960களில் அதை ஆராய்ந்து, வலமிருந்து இடம் என்று காட்டினார். விதிவிலக்காக இடமிருந்து வலமாக ஓடும் வரிகளும் உண்டு, தொகுப்பில் அவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பயன்படுத்தியவை முத்திரைகளின் படங்களா, பதிவுகளின் படங்களா? முத்திரையில் குறிகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி இருக்கும். இரண்டும் கலந்து கிடந்தால் சாடி ஒரு படத்தில் முதலிலும் இன்னொன்றில் கடைசியிலும் வரும். பாதியை மூடுவதற்கு முன் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.