அப்பாவுக்கு விதை எடுக்கும் ஒபரேஷன்: லண்டன் அண்ணா வேண்டாம் என்கிறார்

உவர்மலை மகள் கேட்கிறார்:

வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 69 வயது. துறைமுகத்தில் முப்பது வருசத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவர். மாசி மாதத்திலிருந்து இடுப்பு நோவு என்றார். கிரேனில் இருந்து இருந்து வந்த நோவு என்று நாங்களும் எண்ணெய் தடவினோம், இரண்டு தரம் கன்னியா வெந்நீரூற்றுக்கும் கூட்டிக்கொண்டு போனோம். இரவில் ஐந்தாறு தரம் மூத்திரத்துக்கு எழும்பத் தொடங்கிய பிறகுதான் கிளினிக்குக்குப் போனது. புரொஸ்டேட்டுக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையில் 86. பயோப்சியில் புரொஸ்டேட் புற்றுநோய் என்று வந்துவிட்டது. எலும்பு ஸ்கானில் மூன்று இடம் தெரிகிறது: இடுப்பெலும்பில் இரண்டு, முதுகெலும்பின் அடியில் ஒன்று.

இந்த நோயை வளர்க்கும் ஆண் ஹோர்மோனை நிறுத்த வேண்டும் என்றார் டொக்டர். அதற்கு இரண்டு வழி. இரண்டு விதைகளையும் எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தொடர்ந்து. ஒபரேஷன்தான் நல்லது என்பது அவருடைய எண்ணம். லண்டனில் இருக்கும் அண்ணாவோ, "அது அந்தக் காலத்து வைத்தியம். இங்கே அப்படி யாரும் செய்வதில்லை. அப்பாவை ஏதாவது புது மருந்து ஆராய்ச்சியில் சேர்க்கப் பார்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

அப்பா யாரோடும் கதைப்பதில்லை. வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருக்கிறார். நேற்று அம்மா தேத்தண்ணி கொண்டுபோனபோது, "என்னை எலி மாதிரி வைத்துப் பார்க்க விட்டுவிடாதே" என்று மட்டும் சொன்னாராம்.

வரும் வியாழக்கிழமை கிளினிக். இதைக் கடந்து வந்தவர்கள், விசயம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இந்த ஒபரேஷன் உண்மையில் கைவிடப்பட்ட ஒன்றா? ஏழைகளுக்கு என்று ஒதுக்கிய வைத்தியமா?

பாலையூற்று ஐயா:

பிள்ளை, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எனக்கு 74 வயது. அந்த ஒபரேஷன் செய்து ஆறு வருசம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்துச் செய்தார்கள். அடுத்த நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாரம் கட்டினாலும் காற்சட்டை போட்டாலும் வெளியே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை நெருப்பாக எழும்பும். இரண்டு மூன்று நிமிசத்தில் சேட்டு நனைந்துவிடும். கோணேசர் கோயிலில் பூசை நேரத்தில் அப்படி வந்து, மலையோரம் காற்றுப்படப் போய் நின்றிருக்கிறேன். முதல் வருசம் அடிக்கடி வந்தது, இப்போது குறைவு. கணவன் மனைவி உறவில் நாட்டமும் போய்விடும். நானும் மனைவியும் ஒபரேஷனுக்கு முதலே இருந்து அதைப் பேசினோம். உங்கள் அப்பாவும் அம்மாவும் தனியாக இருந்து பேசட்டும், பிள்ளைகள் நடுவில் வேண்டாம். ஊசி போட்டாலும் இதே விளைவுகள்தான், அதையும் சொல்லுங்கள்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். ஊசி போட்டுக்கொண்டிருந்த என் சிநேகிதர் ஏழு வாரம் அது கிடைக்காமல் அலைந்தார். பெற்றோலும் இல்லாத காலம். அந்தத் தவிப்பு எனக்கு வரவில்லை.

எலும்பு மெலியும், நட என்று டொக்டர் சொன்னதால் விடிய ஐந்தரைக்கு முற்றவெளியில் நடக்கிறேன். அப்பாவை வரச் சொல்லுங்கள். நோயைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லாவிட்டால் கிரேனைப் பற்றிக் கதைப்போம்.

மட்டிக்களி தாதி:

தங்கச்சி, நான் மட்டிக்களியில் பிறந்தவள். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருசம் ஆராய்ச்சித் தாதியாக இருந்தேன். ஸ்டாம்பீட் என்ற பெரிய புரொஸ்டேட் ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களை வருசக் கணக்காகப் பார்த்தது என் வேலை. அண்ணாவின் பேச்சு உங்களை எவ்வளவு குழப்பியிருக்கும் என்று தெரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பழைய வைத்தியம் என்பது உண்மை. எலும்புக்குப் பரவிய புரொஸ்டேட் புற்றுநோய் விதைகளை எடுத்தால் அடங்குகிறது என்று 1941இல் சிகாகோவில் சார்ள்ஸ் ஹகின்ஸ் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது யாரும் தூக்கிப் போட்ட வைத்தியம் அல்ல. அப்பாவின் நிலையில் இருப்பவர்களுக்குப் பின்னால் வந்த மருந்துகள் அந்த அத்திவாரத்தின் மேல்தான் நிற்கின்றன. ஹோர்மோனை நிறுத்தியபின் ஒரு புது மருந்தையும் சேர்த்தால் கூடக் காலம் வாழ்கிறார்களா என்றுதான் நாங்கள் தேடினோம்.

ஊசியா ஒபரேஷனா என்றால், உயிர் வாழும் காலத்தில் வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தில் பலர் ஊசியைக் கேட்பது மனத்தால். அது நியாயமான காரணம்தான், ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒபரேஷன் செய்தால் ஹோர்மோன் ஒரு நாளுக்குள் விழுந்துவிடும். வழக்கமான ஊசி முதல் வாரத்தில் ஹோர்மோனைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, மூன்று நான்கு வாரத்தில்தான் இறக்கும். அப்பாவுக்கு முதுகெலும்பில் நோய் இருக்கிறது, அந்த ஏற்றத்தில் அது பெருத்து நரம்பை நெருக்கலாம். ஊசி என்று முடிவு செய்தால், அந்த ஏற்றத்தைத் தடுக்கும் குளிசையை முதலில் தொடங்குவார்களா என்று கேளுங்கள். இதற்கிடையில் கால் பலவீனமானாலோ, விறைத்தாலோ, மூத்திரம் அடைத்தாலோ வியாழக்கிழமை வரை பார்க்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி அப்பாவின் எலிப் பயம். ஸ்டாம்பீட் 2005இல் தொடங்கியது. பிரித்தானியாவிலும் சுவிற்சர்லாந்திலுமாகக் கிட்டத்தட்ட 12,000 ஆண்கள் சேர்ந்தார்கள். ஒரு பொதுக் குழுவுக்கு வழக்கமான சிகிச்சை, மற்றக் குழுக்களுக்கு அதோடு ஒவ்வொரு புதுச் சிகிச்சை. பலன் தெரியாததை இடையில் நிறுத்துவார்கள். செலெகொக்சிப் என்ற குளிசை அப்படி நின்றது. எலும்புக்குப் போடும் சொலெட்ரோனிக் அமிலம் ஆயுளைக் கூட்டவில்லை என்பதும் அங்கேதான் தெளிவானது. யார் எந்தக் குழு என்று கணினி பிரிக்கும், நாங்கள் கைவைக்க முடியாது. விருப்பமில்லாதவர் எந்த நாளும் விலகலாம், அவருடைய சிகிச்சை நிற்காது.

என்னிடம் வந்தவர்களில் ஒருவர் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பொதுக் குழுதான் விழுந்தது. முகம் வாடிவிட்டது. அப்படியும் ஒரு தவணை தவறாமல் வந்தார், இரத்தம் கொடுத்தார், கேள்வித்தாளைத் தன் கையாலேயே நிரப்பினார். அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் புது மருந்து வேலை செய்ததா என்று சொல்லவே முடியாது. அதனால் அப்பாவிடம் சொல்லுங்கள்: அவர் எலியாக வேண்டியதில்லை. அந்த ஆட்கள் முதலே வந்து தங்கள் வருசங்களைக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, அவர்களால் தெரிய வந்ததைக் கேட்டு வாங்குவது.

கேட்க வேண்டியது இரண்டு. அபிரற்றரோன் என்ற குளிசை ஒன்று. 2017இல் வெளிவந்த முடிவில், 1,917 பேரில், ஹோர்மோனை மட்டும் நிறுத்தியவர்களில் மூன்று வருசத்துக்குப் பின் நூற்றுக்கு 76 பேர் உயிரோடு இருந்தார்கள். இந்தக் குளிசையும் எடுத்தவர்களில் 83 பேர். மற்றது, கரண்ட் பிடிப்பது என்று நம் சனம் சொல்லும் கதிர்ச் சிகிச்சை, நேரே புரொஸ்டேட்டுக்கு. 2018இல் 2,061 பேரை வைத்துப் பார்த்தபோது எல்லோரையும் சேர்த்தால் பலன் இல்லை. நோய் பரவிய இடங்கள் குறைவாக இருந்தவர்களுக்கு மட்டும் மூன்று வருசக் கணக்கு நூற்றுக்கு 73இலிருந்து 81 ஆனது. நீங்கள் எழுதியபடி அப்பாவுக்கு மூன்றே இடம், அதுவும் இடுப்பிலும் முதுகெலும்பிலும். அதனால்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். "அப்பாவின் நோய் குறைந்த பரவலில் சேருமா, புரொஸ்டேட்டுக்குக் கரண்ட் கொடுக்கலாமா" என்று ஸ்கான் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்த ஆராய்ச்சியில் சிலருக்கு வாரம் ஒரு தரமாக ஆறு தடவை கொடுத்தார்கள், சிலருக்கு நான்கு வாரத்தில் இருபது தடவை.

கிண்ணியா தம்பி:

அக்கா, ஆராய்ச்சி என்ற சொல்லை வைத்து ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வாப்பாவுக்கு இதே நோய் வந்தபோது ஒரு தனியார் இடத்தில் "ஆராய்ச்சி மருந்து" என்று இரண்டு இலட்சம் கேட்டார்கள். உம்மாவின் காப்பை விற்றுக் கொடுத்தோம். ஒரு தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை, போத்தலில் மருந்தின் பெயர்கூட இல்லை. மூன்று மாதம் வீணாய்ப் போனது. அந்த மூன்று மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் நித்திரை வருவதில்லை.

மட்டிக்களி தாதி:

தம்பி, வாசிக்கவே நெஞ்சு கனக்கிறது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முறையான ஆராய்ச்சியில் பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது வழக்கம் அல்ல. அவருக்கு விளங்கும் மொழியில் எழுத்தில் விளக்கம் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். பதிவு எண் இருக்கும். இலங்கையில் 2006இலிருந்து மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

உவர்மலை மகள்:

மூவருக்கும் நன்றி. எழுதும்போதே கண் கலங்குகிறது. அக்கா, இன்னொன்று. அபிரற்றரோன் நாளுக்கு நான்கு குளிசை, விலை கூட என்கிறார்கள். சாப்பாட்டோடு எடுத்தால் ஒன்று போதும் என்று அண்ணா எங்கேயோ வாசித்தாராம். உண்மையா?

மட்டிக்களி தாதி:

அப்படி ஓர் ஆராய்ச்சி 2018இல் வெளிவந்தது. 72 பேர். பாதிப் பேர் வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம், மற்றவர்கள் கொழுப்புக் குறைந்த காலைச் சாப்பாட்டோடு 250. பி.எஸ்.ஏ. இறங்குவதில் 250 எடுத்தவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் அது சிறிய ஆராய்ச்சி, எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பார்ப்பதற்குச் செய்ததும் அல்ல. காசுக்குக் கஷ்டப்படும் இடங்களில் டொக்டர்மார் இதை யோசிப்பதுண்டு, அதனால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

நீங்களாகச் செய்ய மட்டும் வேண்டாம். கொழுப்பு கூடினால் உடம்பு இந்த மருந்தைப் பல மடங்கு இழுக்கும். நம் வீட்டுச் சாப்பாடு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். ஒரு நாள் சொதி, ஒரு நாள் வெறும் பாண் என்றால் உள்ளே போகும் அளவு நாளுக்கு நாள் மாறும். இதோடு பிரட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசையும் எடுக்க வேண்டும். பிரஷர், பொட்டாசியம், ஈரல் மூன்றையும் இடைக்கிடை பார்க்க வேண்டும்.

உவர்மலை மகள்:

வியாழக்கிழமை போய் வந்தோம். ஸ்கானில் மூன்று இடம் என்பதை டொக்டரிடம் அப்பாவே சொன்னார், நான் வாய் திறக்கவில்லை. ஒபரேஷன் அடுத்த செவ்வாய். முந்தின இரவு அப்பாவும் அம்மாவும் நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது, கதவைச் சாத்திவிட்டேன். குளிசையைப் பற்றிக் காயம் ஆறியபின் டொக்டர் முடிவு செய்வாராம். கரண்டுக்கு மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்திருக்கிறார், ஸ்கான் சீடியையும் கொண்டுபோகச் சொன்னார். அண்ணா நேற்று இதை முழுக்க வாசித்துவிட்டு அப்பாவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார்.

பாலையூற்று ஐயா, அப்பா நாளை விடிய முற்றவெளிக்கு வருகிறார், நீல நிறச் சேட்டு. மகரகமவில் நோயாளியோடு ஒருவர் நாலு வாரம் தங்க, ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுத்தவர்கள் இருந்தால், வாடகை எவ்வளவு வரும் என்று சொல்லுங்கள்.