பத்தாவது முடிக்காத மூன்று பேர்: எந்த வழியில் எழுத வைப்பது, தொழில் சான்று எப்படி வாங்குவது?

நூலக வட்டம் எழுதியது:

வேலைக்குப் போய்வருகிறவர்களுக்காக எங்கள் ஊர் நூலகத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் பாடம் எடுக்கிறோம். தமிழ்நாடு பாடத்திட்டம்தான். இப்போது மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.

முதலாமவர் வயரிங் ஹெல்பர், வயது 35. பத்தாவதை 2006-ல் எழுதியதில் கணக்கும் அறிவியலும் போய்விட்டன. இரண்டாமவர் பனியன் கம்பெனியில் தைக்கிற பெண், வயது 29. எட்டாவது பாஸ், ஒன்பதாவதில் பாதியில் நின்றவர். மூன்றாமவர் வெல்டிங் பட்டறையில் இருக்கிறார், வயது 43. ஆறாவதோடு நின்றுவிட்டார், கையில் டி.சி.யும் (மாற்றுச் சான்றிதழ்) இல்லை. வேலை மூவருக்கும் தெரியும், காகிதம்தான் இல்லை.

பக்கத்து ஊர் டியூட்டோரியல் ஒன்றில் "நாற்பத்தைந்தே நாளில் பத்தாவது பாஸ், ஓப்பன் ஸ்கூல்" என்கிறார்கள். அதை நம்பலாமா? இந்த வயதில் ஐடிஐ சேர்ப்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தேர்வறை மேசை எழுதியது:

முதல் ஆள் விஷயம் சுலபம் என்று தோன்றும். ஆனால் அதில்தான் நிறைய பேர் ஒரு வருஷத்தை விடுகிறார்கள்.

பாஸ் ஆன பாடங்களை அவர் மறுபடி எழுத வேண்டாம், விட்ட இரண்டை மட்டும் எழுதினால் போதும். ஆனால் கேள்வித்தாள் இன்றைய பாடத்திட்டத்தில்தான் வரும். 2006 புத்தகத்தையோ அந்தக் காலத்து கைடையோ தூசி தட்டி எடுக்காதீர்கள்.

அடுத்தது அறிவியல் செய்முறை. பத்தாவதில் செய்முறைத் தேர்வு வந்தது 2012-ல். அதற்கு முன் பழைய பாடத்திட்டத்தில் அறிவியலில் தோற்றவர்கள், முதல் தடவை எழுதும் நேரடித் தனித்தேர்வர்களைப் போலவே, செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். பதிவு மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகம் வழியாக. அவர்கள் ஒரு பள்ளியை ஒதுக்குவார்கள், அங்கே 80 சதவீத வருகை வேண்டும். இந்த அறிவிப்பு தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்னாலேயே வந்து போய்விடும். விண்ணப்பிக்கிற நாளன்று சேவை மையத்தில் "செய்முறைப் பயிற்சி ஒப்புகைச் சீட்டு எங்கே?" என்று கேட்கும்போதுதான் பலருக்கு விஷயமே தெரிகிறது. அப்புறம் அடுத்த வருஷம்தான்.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. பாஸ் ஆக எழுத்தில் 20, செய்முறையில் 15, இரண்டும் தனித்தனியாக வேண்டும். செய்முறையில் 25 வாங்கினாலும் எழுத்தில் 19 என்றால் தோல்விதான். செய்முறையில் குவிலென்ஸின் குவியத் தூரம், கம்பியின் மின்தடை எண், கரைசல் அமிலமா காரமா என்பது மாதிரி சோதனைகள். வயரிங் ஆளுக்கு அம்மீட்டர் இணைப்பை நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்காது. பதிவேட்டை ஒழுங்காக எழுதவைப்பதுதான் உங்கள் வேலை.

கணக்குக்கு எத்தனை மதிப்பெண் எங்கிருந்து வரும் என்று எண்ணிப் படிக்க வையுங்கள். ஒரு மதிப்பெண் 14 கேள்வி. இரண்டு மதிப்பெண் 14-ல் 10. ஐந்து மதிப்பெண் 14-ல் 10. கடைசியில் எட்டு மதிப்பெண் இரண்டு: ஒன்று வடிவியல், ஒன்று வரைபடம், இரண்டிலும் "அல்லது" உண்டு.

கடைசிப் பகுதி 16 மதிப்பெண்ணை முதலில் பிடியுங்கள். வடிவியலில் வடிவொத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் தந்து முக்கோணம் வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு. வரைபடத்தில் நேர் மாறல், எதிர் மாறல், இருபடிச் சமன்பாட்டின் வரைபடம். வகை இவ்வளவுதான், எண்தான் மாறும். பெரியவர்களுக்கு இயற்கணிதத்தைவிட இது சீக்கிரம் கைவரும், அளந்து வெட்டிப் பழகிய கை. ஒரு மதிப்பெண் கேள்விகள் பெரும்பாலும் பாட முடிவுப் பயிற்சியிலிருந்தே வரும். அதில் 10 சரியென்றால் 26 ஆயிற்று. இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து சரியாகப் போட்டால் 36. ஐந்து மதிப்பெண்ணில் வருவதெல்லாம் காப்பு.

மதிப்பெண் கசியும் இடங்கள்: வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாதது, வடிவியலில் உதவிப்படம் போடாதது, ஒரு மதிப்பெண் விடையில் "ஆ" என்று குறியீட்டை மட்டும் எழுதிவிட்டுப் போவது. குறியீட்டோடு விடையையும் எழுத வேண்டும் என்று கேள்வித்தாளிலேயே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை.

---

பட்டறை ஆசிரியர் எழுதியது:

தோழர், ஐடிஐ கேள்விக்கு நான் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் ஆண்களுக்கு 14 முதல் 40 வயது வரை. பெண்களுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. ஆக வெல்டிங்காரருக்கு (43) அந்தக் கதவு மூடிவிட்டது, மற்ற இருவருக்கும் திறந்திருக்கிறது. எல்லாத் தொழிற்பிரிவுக்கும் பத்தாவது வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கம்பியாள், வெல்டர், தையல் தொழில்நுட்பம் இவற்றுக்கு எட்டாவது போதும். எலக்ட்ரீசியனுக்குக் கணக்கு, அறிவியலோடு பத்தாவது பாஸ் வேண்டும். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு.

ஆனால் முழுநேர வகுப்பு, பகலில் நடப்பது. குடும்பத்தை ஓட்டுகிறவர் இரண்டு வருஷம் சம்பளத்தை விட முடியுமா என்பதை அவரிடமே முதலில் கேளுங்கள். பாதியில் நின்றவர்கள் படிப்பு வராமல் நின்றது குறைவு, பணத்தால் நின்றதுதான் அதிகம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சலுகை. எட்டாவது முடித்து இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவர், பத்தாவதில் தமிழ், ஆங்கிலம் இரண்டை மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணைச் சான்று வாங்கலாம். "இரண்டு வருஷ" என்பதைக் கவனியுங்கள். கம்பியாள் இரண்டு வருஷம், அது சரி. வெல்டரும் தையலும் ஒரு வருஷம், அவற்றை முடித்துவிட்டு இந்தச் சலுகையைக் கேட்டால் கிடைக்காது. அதேபோல் பத்தாவதுக்குப் பின் இரண்டு வருஷ ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷம் சேரலாம்.

வேலையை விட முடியாதவர்களுக்கு இன்னொரு பாதை: அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், அந்தத் தொழிலில் மூன்று வருஷ அனுபவம் வேண்டும், தொழிற்பிரிவுக்குரிய படிப்பும் வேண்டும். முதல்நிலைத் தேர்வு ஒன்று வைப்பார்கள், எழுத்தும் உண்டு செய்முறையும் உண்டு. அதில் தேறினால்தான் பிரதானத் தேர்வு. கிடைப்பது ஐடிஐயில் படித்தவருக்குத் தரும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ். அறிவிப்பு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிலிருந்து வரும், மாவட்டச் செய்திக் குறிப்பில் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பக்கத்து அரசு ஐடிஐ முதல்வர் அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.

ஆக வெல்டிங்காரருக்கு வரிசை இது: முதலில் எட்டாவது, பிறகு வெல்டர் பிரிவில் தனித்தேர்வர். செய்முறையில் அவர் அசத்துவார், எழுத்தில்தான் மாட்டுவார். மின்முனை (எலக்ட்ரோடு) குறியீடு, பற்றவைப்புச் சின்னங்கள், வரைபடம் படித்தல், கூடவே பட்டறைக் கணக்கு, இவற்றை இப்போதே ஆரம்பியுங்கள்.

அனுபவச் சான்றில் பெரும்பாலும் சிக்கல் வரும். வெள்ளைத் தாளில் முதலாளி கையெழுத்து போட்டுத் தந்தால் செல்லாது. பட்டறையின் முகவரித் தாளில், பதிவு எண்ணோடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன வேலை என்று இருக்க வேண்டும். இ.எஸ்.ஐ., பி.எஃப். இருந்தால் அந்த எண்ணும் கைகொடுக்கும். பட்டறைக்கே பதிவு இல்லை என்றால் அதை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வயரிங்காரருக்கு இன்னொன்றும் உண்டு: மின் உரிமம் வழங்கும் வாரியம் நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது நிறைவு, மேல் வயது வரம்பு இல்லை, வயரிங்கில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத அனுபவம். பயிற்சித் துறையின் மாலைநேர வகுப்பில் தேறியிருப்பது போன்ற தகுதி நிபந்தனையும் இருக்கிறது, அதைப் படிக்காமல் விண்ணப்பித்துத் திரும்பி வந்தவை நிறைய. பத்தாவது முடிவதற்காக இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

---

திறந்த ஜன்னல் எழுதியது:

டியூட்டோரியல் சொல்வது பற்றி. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் உண்மையான வாரியம். பத்தாவதுக்கு 14 வயது முடிந்தால் போதும், மேல் வயது இல்லை. ஐந்து பாடம், 33 சதவீதம் பாஸ். ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருஷம் செல்லும், ஒன்பது வாய்ப்பு. ஒவ்வொரு பாடமாகவும் தேறலாம். குழந்தையும் ஷிப்டும் இருக்கிற பெண்ணுக்கு இது உண்மையிலேயே வசதி.

ஆனால் "நாற்பத்தைந்து நாள்" என்பது வியாபாரம். பாஸை யாரும் உத்தரவாதமாகத் தர முடியாது. ஓப்பன் ஸ்கூல் என்ற பெயரில் வேறு ஏதோ போர்டின் சான்றைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டும் முன் சேர்க்கை எண்ணைக் கேட்டு, நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். தளத்தில் பதிந்திருக்கும் மொபைல் எண் படிப்பவருடையதா, ஏஜென்ட்டுடையதா என்றும் பாருங்கள். ஏஜென்ட் எண்ணாக இருந்தால் நுழைவுச்சீட்டிலிருந்து மதிப்பெண் பட்டியல்வரை எல்லாம் அவர் கையில்.

இன்னொரு கண்ணி. இதில் கணக்கும் அறிவியலும் கட்டாயம் இல்லை. மனையியல், ஓவியம், தரவு உள்ளீடு என்று சுலபமாகத் தோன்றுகிற பாடங்களாகச் சேர்த்துவிடுவார்கள். பாஸும் ஆவார்கள். அப்புறம் எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் போய் நின்றால் "கணக்கு, அறிவியல் எங்கே?" என்பார்கள். அவர் என்ன வேலைக்குப் போகப்போகிறார் என்று கேட்காமல் பாடம் தேர்வு செய்யாதீர்கள்.

மாநில அரசு வேலை மனதில் இருந்தால் மாநில வாரியத்திலேயே எழுதுவது வம்பில்லாதது, இது மாநிலப் பத்தாவதுக்குச் சமமா என்ற இணைத்தன்மைக் கேள்வியே எழாது. பத்து, பன்னிரண்டு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரே பட்டம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், 2009-ல் வந்த அரசாணை 107-ஐக் காட்டுங்கள். பத்து, பன்னிரண்டு முடித்து அதன்பின் வாங்கிய பட்டத்தைத்தான் அரசுப் பணிக்கு ஏற்கிறார்கள்.

---

நூலக வட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். டி.சி. இல்லாமல் எட்டாவது எழுத முடியுமா? தையல் செய்யும் தங்கைக்கு பத்தாவது முடியும்வரை கையில் ஏதாவது சான்று கிடைக்குமா?

---

தேர்வறை மேசை எழுதியது:

முடியும். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு 12½ வயது முடிந்திருந்தால் போதும். முதல் தடவை எழுதுகிறவரிடம் மாற்றுச் சான்றிதழ், பதிவுத்தாள், பிறப்புச் சான்று இவற்றில் ஒன்றின் நகலைத்தான் கேட்பார்கள். பழைய பள்ளி இன்னும் இருந்தால் தலைமையாசிரியரைப் பார்த்து சேர்க்கைப் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள், பெரும்பாலும் பெயர் இருக்கும். பிறந்த தேதியில் கவனம்: பள்ளியில் சேர்க்கும்போது தோராயமாக ஒரு தேதியைப் போட்டிருப்பார்கள், ஆதாரில் இன்னொன்று இருக்கும். எட்டாவதில் எந்தத் தேதி ஏறுகிறதோ அதுதான் பத்தாவதுக்கும் தொழிற்சான்றுக்கும் தொடரும். முதலெழுத்தையும் பெயரின் எழுத்துக்கூட்டையும் ஆதாரோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்துங்கள். சான்று அச்சான பின் திருத்த அலைவது பெரும்பாடு.

தையல்காரப் பெண் எட்டாவது பாஸ் என்பதால் பத்தாவதை ஐந்து பாடமும் சேர்த்து நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். செய்முறைப் பதிவு அவருக்கும் கட்டாயம். 80 சதவீத வருகை ஷிப்டோடு மோதும், அதனால் பள்ளி ஒதுக்கிய அன்றே அட்டவணையை வாங்கி கம்பெனி சூப்பர்வைசரிடம் காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பத் தேதி தவறினால் தத்கல் உண்டு, கூடுதல் கட்டணம். செய்முறைப் பதிவைத் தவறவிட்டால் தத்கலும் காப்பாற்றாது.

---

பட்டறை ஆசிரியர் எழுதியது:

தையலுக்கு இரண்டு வழி. ஒன்று முன்னனுபவ அங்கீகாரம்: பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் சில நாள் வழிகாட்டல், பிறகு மதிப்பீடு, தையல் மெஷின் இயக்குநர் என்ற சான்று. அந்த நேரத்தில் ஊரில் மையம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆதாரோடு இணைந்த மொபைல் எண் கையில் இருக்கட்டும். கம்பெனி மாறும்போது இது உதவும், ஆனால் ஐடிஐ சான்றுக்கு ஈடு இல்லை. இன்னொன்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையல், கீழ்நிலை, பிறகு மேல்நிலை. பின்னால் தையல் ஆசிரியை ஆகிற எண்ணம் இருந்தால் இதுதான் பொருந்தும். பனியன் கம்பெனியிலேயே லைன் சூப்பர்வைசர் ஆக வேண்டும் என்றால் இதற்குச் செலவழிக்க வேண்டாம், பத்தாவதிலேயே நேரத்தைப் போடச் சொல்லுங்கள்.