டைட்டானியம் துண்டு எங்கே கிடைக்கும்?

நண்பர்களே, ஒரு உதவி. என் பொண்ணு ஒன்பதாம் வகுப்பு, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு டைட்டானியத்தை எடுத்திருக்கிறாள். 1791-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரிகோர் என்ற பாதிரியார் கருமணலில் கண்டுபிடித்தது, 1795-ல் கிளாப்ராத் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பெயர் வைத்தது, சுத்தமான உலோகமாகப் பிரிக்க 1910 வரை ஆனது எல்லாம் சார்ட்டில் எழுதியாச்சு. நம்ம மணவாளக்குறிச்சிக் கருமணலில் இருக்கும் இல்மனைட் என்ற தாதுவிலும் இதே உலோகம்தான் என்றதும் அவளுக்கு ஒரே குஷி (போய் ஒரு பை அள்ளி வரலாமா என்றாள், வேண்டாம் தாயே என்றுவிட்டேன்).

சிக்கல் செய்முறையில்தான். பேக்கிங் சோடா கரைத்த தண்ணீரில் டைட்டானியத் துண்டை பேட்டரியின் நேர்முனையில் மாட்டி மின்சாரம் செலுத்தினால் மேலே ஆக்சைடு படலம் வளர்ந்து சாயமே இல்லாமல் நிறம் வரும், வோல்ட்டைக் கூட்டினால் படலம் தடித்து நிறமும் மாறும். மூன்று 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைக்கலாம் என்று திட்டம். ஆனால் டைட்டானியம் என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த கம்பி காந்தத்தில் கப்பென்று ஒட்டுகிறது! அப்போ அது டைட்டானியமே இல்லை.

சென்னையில் சின்னத் தகடு சில்லறையாக எங்கே வாங்கலாம்? அப்புறம், எதிர்முனைக்கு அலுமினிய ஃபாயில் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த வெள்ளிக்கிழமை கண்காட்சி.