தீ எரிஞ்ச அரசு நிலத்துக்கு எந்த இடத்து விதை போடணும்? பக்கத்து விதையா, சூடான இடத்து விதையா?

வெயில்காலம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்துல போய்சி பக்கம் ஆறு வருஷமா இருக்கேன். போன வருஷத்துல இருந்து லீவு நாள்ல வாலன்டியரா விதை எடுக்கப் போறேன், எல்லாம் பீஎல்எம் (அரசு நிலத்தைப் பார்த்துக்கற மத்திய அமைப்பு) நிலம், பெரும்பாலும் சேஜ்பிரஷ்ங்கற வறண்ட நிலத்துப் புதர்ச்செடி. நவம்பர் குளிர்ல பழைய டென்னிஸ் மட்டையால காய்ஞ்ச பூங்கொத்தைத் தட்டுவோம், கீழ பிடிச்சிருக்கற தொட்டில உதிரும். நாள் பூரா தட்டினா ஒரு சாக்கு நிறையும், ஆனா அதுல முக்காவாசி சருகும் உமியும் காம்பும், புடைச்சு எடுத்தா மிஞ்சறது கொஞ்சந்தான். விதையே பொடி மாதிரி இருக்கு, ஒரு கிலோல 40 லட்சம் விதை நிக்குமாம்.

2015ல சோடா தீ வந்து ஐடஹோவுலயும் ஓரிகன்லயும் சேர்த்து 2.8 லட்சம் ஏக்கர் எரிஞ்சுதே, அந்தப் பக்கம் போனப்பதான் இந்தக் கேள்வி வந்துச்சு. விதைக்காக நிலத்தை ஸோன் ஸோனா பிரிச்சிருக்காங்க, எங்க டீம் லீட் "இந்த ஸோனுக்குள்ள எடுத்தது இந்த ஸோனுக்குத்தான்"னு கறாரா சொல்றாங்க. கூட வர்ற இன்னொருத்தர், இன்னும் முப்பது வருஷத்துல இங்க நெவாடா மாதிரி காயப்போகுது, அதனால இப்பவே தெற்க இருந்து விதை கொண்டாந்து போடணும்ங்கறார். ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படுது. யார் சொல்றது சரி? இன்னொண்ணு, இவ்ளோ நிலம் இருக்கு, இவ்ளோ செடி இருக்கு, அப்புறம் ஏன் ஒவ்வொரு பெரிய தீக்கு அப்புறமும் விதை பத்தலைன்னு சொல்லி க்ரெஸ்டட் வீட்கிராஸ்ங்கற வெளிநாட்டுப் புல்லைப் போடறாங்க?

களத்துமேடு எழுதியது:

நான் விதை டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பார்த்தவ, முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். "பக்கத்து விதை"ன்னா மைல் கணக்குல பக்கம்னு நினைச்சுக்காதீங்க. மலை மேல ஆயிரம் அடி ஏறினாலே வேற குளிர், வேற மழை. அதனாலதான் 2014ல வந்த ஸோன் மேப்ல குளிர்கால குறைஞ்சபட்ச வெப்பமும் வறட்சியும்தான் அளவுகோல், அதாவது நூறு மைல் தள்ளி இருந்தாலும் ரெண்டு இடமும் ஒரே ஸோனா இருக்கலாம், கண்ணுக்கு எதிர்ல இருக்கற மலை வேற ஸோனா இருக்கலாம்.

சேஜ்பிரஷ்ல பேசின், வயோமிங், மவுன்டன்னு மூணு முக்கிய உள்வகை இருக்கு. பார்த்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். இலையை கசக்கி தண்ணில போட்டு புற ஊதா விளக்கு அடிச்சீங்கன்னா மவுன்டன் வகை நல்லா நீலமா ஒளிரும், வயோமிங் மங்கலா நிக்கும், முதல் தடவை இருட்டு ரூம்ல அதைப் பார்த்தப்ப எனக்கு மெய் சிலிர்த்துச்சு. வயோமிங்னு சொல்லி வந்த மூட்டைகள்ல பேசின் வகை இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் விதை எடையை வச்சே கண்டுபிடிச்சிருக்காங்க. வகை மாறிப் போட்டா முளைச்சாலும் அந்த இடத்துல நிலைக்கறது கஷ்டம்.

இப்ப காலநிலை விஷயம். உங்க நண்பர் சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா சராசரி வெப்பம் ஏறுதுங்கறதுக்காக கடுங்குளிர் ராத்திரியே வராதுன்னு அர்த்தமில்ல. தெற்கத்தி நாத்து அந்த ஒரு ராத்திரில கருகிட்டா முப்பது வருஷம் கழிச்சு வர்ற சூட்டைப் பத்தி பேசி என்ன பிரயோஜனம்? இன்னைக்கு முளைச்சு நிக்கவும் வேணும், நாளைக்குத் தாங்கவும் வேணும். என்னைக் கேட்டா பெரும்பங்கு இதே ஸோன் விதை, அதோட கொஞ்சம் அதைவிட ஒரு படி சூடான, காய்ஞ்ச ஸோன் விதை கலந்து போடறதுதான் புத்திசாலித்தனம். எந்த இடத்து விதை எதிர்காலத்துல எங்க பொருந்தும்னு மேப்ல பார்க்க சீட்லாட் செலக்‌ஷன் டூல்னு ஒண்ணு இலவசமாவே இருக்கு, பார்த்துடுங்க.

மேட்டாங்காடு எழுதியது:

தம்பி, நான் கிழக்கு ஓரிகன்ல விதைக்குன்னே செடி வளர்க்கறவன். விதை ஏன் பத்தலைங்கற கேள்விக்கு காட்டுல பதில் இல்ல, காலண்டர்ல இருக்கு.

தீ ஜூலை ஆகஸ்ட்ல வரும். விதைப்பு அக்டோபர் நவம்பர்ல முடியணும், ஏன்னா சீட்கிராஸ்ங்கற களைப்புல் சனியன் இலையுதிர் காலத்துலயே முளைச்சு வேரை இறக்கிடும், வசந்தத்துல நம்ம புல்லு எழுந்திரிக்கறதுக்குள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிட்டு, கோடை தொடக்கத்துலயே காய்ஞ்சு அடுத்த தீக்கு விறகா நிக்கும். ஆக தீ அணைஞ்சதுக்கும் விதைப்புக்கும் நடுவுல ரெண்டு மூணு மாசந்தான். அந்த நேரத்துல விதை கிடங்குல இருந்தாத்தான் உண்டு.

அந்த விதை கிடங்குக்கு எப்படி வருதுன்னு பாருங்க. காட்டுல எடுக்கறதுக்கு சீட்ஸ் ஆஃப் சக்சஸ்ங்கற பீஎல்எம் விதை சேகரிப்புத் திட்டத்தோட விதிப்படி கணக்கு இருக்கு, குறைஞ்சது 50 செடில இருந்து எடுக்கணும், அன்னைக்கு விளைஞ்சு நிக்கறதுல 20 சதவீதத்துக்கு மேல தொடக்கூடாது, மிச்சம் அந்த மண்ணுக்கும் எறும்புக்கும் பறவைக்கும். நல்ல விதி, நான் மனசார ஆதரிக்கறேன். ஆனா அந்தக் கொஞ்ச விதையை வச்சு ஆயிரக்கணக்கான ஏக்கர் தூவ முடியாது, என்னை மாதிரி ஆளு வயல்ல பெருக்கித் தரணும். புளூபன்ச் வீட்கிராஸ் மாதிரி புல்லுக்கே முதல் வருஷம் பெருசா ஒண்ணும் கிடைக்காது. லோமேஷியம் மாதிரி பூச்செடின்னா பூக்கறதுக்கே மூணு நாலு வருஷம் காத்திருக்கணும், அதுவரைக்கும் கையால களை எடுக்கணும். நான் ஒரு அடி ஆழத்துல சொட்டுநீர் டேப் புதைச்சிருக்கேன், மேல்மண்ணு காஞ்சு கிடந்தா களை முளைக்காது, வேருக்கு மட்டும் தண்ணி போகும். கொஞ்சம் தண்ணிதான், ஆனா வறட்சி வருஷத்துல விதை பிடிக்கறதும் பிடிக்காம போறதும் அதுலதான்.

நாலு வருஷம் பாடுபட்டு அறுத்தா, அந்த வருஷம் பெரிய தீ இல்லைன்னா வாங்க ஆள் இல்ல. ஒரு தடவை அப்படித்தான், வேணும்னு கேட்டு வளர்க்கச் சொன்ன இடத்துலயே "இந்த வருஷம் பட்ஜெட் இல்ல"ன்னுட்டாங்க, மூட்டை மூட்டையா கொட்டகைல கிடந்துச்சு, அந்த வயலை உழுது வெங்காயம் போட்டுட்டேன். அடுத்த கோடைல தீ பிடிச்சுது, போன் மேல போன். எனக்கு இன்னும் ஆறல. 2023ல நேஷனல் அகாடமீஸ்ங்கற அமெரிக்க அறிவியல் அமைப்போட ரிப்போர்ட்டும், தீ வந்தப்புறம் வாங்க ஓடறதை விட்டுட்டு முன்கூட்டியே திட்டம் போட்டு வாங்கணும்னுதான் சொல்லுது. இந்த வருஷம் இந்த ஸோனுக்கு இவ்ளோ கிலோ கட்டாயம் எடுத்துக்கறோம்னு எழுதிக் கொடுத்தா நான் நாளைக்கே நிலத்தை ஒதுக்கறேன்.

க்ரெஸ்டட் வீட்கிராஸ் போடறது ஏன்னா அது ஆசியாவுல இருந்து வந்து இங்க பல காலமா வளர்க்கற புல்லு, விலை கம்மி, எப்பவும் கிடைக்கும், சட்டுனு பிடிச்சுக்கும். மண் அரிப்பு நிக்கும், அதை மறுக்கல. ஆனா அது அடர்ந்துட்டா அப்புறம் சேஜ்பிரஷ்ஷோ பூச்செடியோ உள்ள நுழையறது பெரும்பாடு.

வெயில்காலம் எழுதியது:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே, விதை மிஞ்சற வருஷம் வாங்கி பத்து வருஷம் சேர்த்து வச்சுக்க முடியாதா?

களத்துமேடு எழுதியது:

புல்லு விதை நல்லா காயவச்சு வச்சா பல வருஷம் தாங்கும். சேஜ்பிரஷ் அப்படி இல்ல, சாதாரண கொட்டகைல ரெண்டு மூணு வருஷத்துலயே முளைப்பு விழுந்துடும், குளிரும் கம்மி ஈரப்பதமும் இருக்கற அறை வேணும். அதனாலதான் மூட்டை எடையை நம்பாம உயிருள்ள விதை எவ்ளோன்னு கணக்கு பார்ப்போம், சுத்தம் 90 சதவீதம், முளைப்பு 80ன்னா நூறு கிலோல 72 கிலோதான் நிஜமான விதை.

மேட்டாங்காடு எழுதியது:

தம்பி, அடுத்த தடவை போறப்ப ஒண்ணு பண்ணுங்க. இடம், உயரம், தேதி, எத்தனை செடில எடுத்தீங்கங்கறதை பென்சில்ல எழுதி சாக்குக்குள்ள ஒரு சீட்டு, வெளில ஒரு சீட்டு கட்டுங்க. வெளிச் சீட்டு காத்துல பிய்ஞ்சு போயிடும். ஊர் பேர் தெரியாத விதை எங்கிட்ட வந்தா அதை எந்த ஸோனுக்குன்னும் நான் வளர்க்க முடியாது.