கட்டின் கடைசி ஓலை வரைக்கும் புரட்டுங்கள்

குமரி மாவட்டத்தில் விளவங்கோட்டுப் பக்கத்து ஆட்கள் பழைய வைத்திய ஏடு தேடிச் சென்னைக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் போதும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சிதானே! திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. மலையாளம், சமஸ்கிருதத்தோடு தமிழ் ஏடுகளும் அங்கே உண்டு.

நான் கேட்டது ஒரு வர்ம ஏடு, அதாவது உடம்பில் அடிபடக் கூடாத இடங்களையும் அதற்கான வைத்தியத்தையும் சொல்லும் ஏடு. கட்டை அவிழ்த்ததும், பூச்சி வராமல் ஓலையில் பூசுகிற புல்தைல வாசனை. கீறலில் மை மங்கிப்போய், சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரிந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. வாய்க்குள் பாடிப் பார்த்தால்தான் எதுகை வந்து விழுந்து அடி பிரிகிறது. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரிப் பார்த்தார், பரவாயில்லை.

நூலகப் பட்டியலில் 'வர்மம்' என்று ஒரே சொல். ஏட்டின் உள்ளே, உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றத் தொடுவர்மம் 96, ஆக 108. இதெல்லாம் அச்சிலேயே கிடைக்கிற சங்கதி. அப்புறம்தான் விஷயமே. வேறொரு கை, அவசர எழுத்து. அடிபட்ட சதைவுக்கு எண்ணெய் காய்ச்ச குறுந்தோட்டி என்ற மூலிகையின் வேர் இத்தனை பலம், எண்ணெய் இத்தனை நாழி என்று பழைய அளவுகளில் எழுதி, வேரின் அளவை அடித்துவிட்டுக் குறைத்து எழுதியிருக்கிறார். ஆள் காய்ச்சிப் பார்த்திருக்கிறார்! அடுத்த ஓலையில் நெல் கடன் கணக்கு, கொல்லம் ஆண்டோடு (மலையாள நாட்டு ஆண்டுக்கணக்கு). இதைப் பட்டியல் போட்டவர் குறிக்கவே இல்லை. எனக்கு 108 வர்மத்தைவிட இந்தக் கடன் கணக்குதான் பெரிது. ஏடு எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி ஏது? கொல்லம் ஆண்டோடு 825 கூட்டுங்கள், ஆங்கில ஆண்டு வரும். ஆவணி முதல் டிசம்பர் முடிய என்றால் 824.

நம் ஊர் வைத்தியத்தின் இன்னொரு பாதி கடல் கடந்து கிடக்கிறது. நெய்யூரில் 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கியது லண்டன் மிஷன். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர் பிறகு வந்து வேலை பார்த்ததும் அங்கேதான். அந்த மிஷனின் கடிதங்கள், அறிக்கைகள் எல்லாம் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோயாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில். பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

வீட்டுப் பரணில் ஏடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள். கட்டிய வரிசை மாறாமல் ஒவ்வொரு ஓலையையும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், எழுத்தில்லாத ஓலையையும் சேர்த்து.